பவுடர் மட்டும் ஊற்றினால் போதுமா?

பிரின்ட் மங்கலாக வருகிறது. கார்ட்ரிட்ஜைக் கழற்றி நாலு குலுக்கு குலுக்கி மாட்டினால் இன்னும் கொஞ்சப் பக்கம் ஓடும். அதற்குப் பிறகு குலுக்கியும் பயனில்லை. பள்ளிக்கூட அலுவலகமோ, வக்கீல் ஆபீஸோ, இ-சேவை மையமோ, அடுத்து நடப்பது ஒன்றுதான்: ரீஃபில்காரருக்கு ஒரு போன். முதுகில் பையோடு பைக்கில் வருவார். வராந்தாவிலோ மாடிப்படியிலோ பழைய செய்தித்தாளை விரிப்பார். கால் மணி, இருபது நிமிடத்தில் வேலை முடியும். கூலி 300 ரூபாய், 350 ரூபாய், ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்னே பின்னே. அதே கார்ட்ரிட்ஜை ஒரிஜினலாகப் புதிதாக வாங்கப் போனால் இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் ஆகும்.

அந்த 300 ரூபாயில் பவுடரின் விலை சிறு பகுதிதான். மீதி, அந்த இருபது நிமிடத்தில் அவர் செய்யவேண்டிய வேலைக்கு. செய்கிறாரா இல்லையா என்று பார்க்க நமக்குத் தெரிவதில்லை. ‘ரீஃபில் போட்டால் பிரின்டர் போய்விடும்’ என்ற பேச்சு ஊரெல்லாம் உலவுவதற்கு இதுதான் காரணம். ரீஃபில் செய்து கெட்ட பிரின்டர்களைவிட, ரீஃபில் என்ற பெயரில் வெறும் பவுடரை ஊற்றிக் கெட்ட பிரின்டர்களே அதிகம்.

பாதி பிரின்டர் அதற்குள்ளே

பேனாவுக்கு மை ஊற்றுவதுபோலத்தான் பலரும் இதை நினைக்கிறார்கள். பேனாவில் மை தீர்ந்தால் மை மட்டும்தான் தீர்ந்திருக்கிறது. கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பதோ பிரின்டரின் பாதி.

கதை 1938-ல் தொடங்குகிறது. நியூயார்க்கில் காப்புரிமைத் துறையில் வேலை பார்த்த செஸ்டர் கார்ல்சனுக்கு, ஆவணங்களுக்கு நகல் எடுப்பதே பெரும் தொல்லையாக இருந்தது. அஸ்டோரியா பகுதியில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, ஓட்டோ கோர்னி என்ற உதவியாளரோடு சோதனை செய்துகொண்டிருந்தார். அக்டோபர் 22 அன்று, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றினார்கள். எழுத்து எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து விளக்கொளியைக் காட்டினார்கள். ஒளி பட்ட இடத்தில் மின்னேற்றம் போய்விட்டது. எழுத்தின் நிழலில் தங்கியது. தாவரத் தூள் ஒன்றைத் தூவி ஊதியபோது, எழுத்து இருந்த இடத்தில் மட்டும் தூள் ஒட்டி நின்றது. அதை மெழுகுத்தாளில் ஒற்றிச் சூடு காட்டிப் பதித்தார்கள். அன்றைய தேதியும் அஸ்டோரியா என்ற பெயரும்தான் உலகின் முதல் ஜெராக்ஸ் நகல். அதைச் சந்தைக்குக் கொண்டுவர மேலும் 21 வருடங்கள் பிடித்தன. 1959-ல் வந்த ‘ஜெராக்ஸ் 914’ இயந்திரத்தின் எடை கிட்டத்தட்ட 300 கிலோ. தாள் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்று கூடவே ஒரு தீயணைப்பானையும் கொடுத்தார்கள்.

மின்னேற்று, ஒளி காட்டு, பவுடரை ஒட்டவை, தாளுக்கு மாற்று, சூட்டில் பதி. இன்றுவரை வேலை இந்த வரிசைதான். கறுப்பு வெள்ளைச் சிறு லேசர் பிரின்டர்கள் பலவற்றில் ஒளியும், தாளுக்கு மாற்றும் ரோலரும், சூடேற்றும் ஃப்யூசரும் மட்டுமே பிரின்டரில் இருக்கின்றன. மின்னேற்றும் ரோலர், ஒளி விழும் டிரம், பவுடரை எடுத்துக்கொடுக்கும் ரோலர், டிரம்மைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் பிளேடு எல்லாம் கார்ட்ரிட்ஜுக்குள்.

இப்படி ஒன்றாகப் பூட்டிவைத்தது ஜப்பானின் கேனன் நிறுவனம். அதுவரை நகல் இயந்திரம் என்றால் மெக்கானிக் அடிக்கடி வந்துபோக வேண்டும். வீட்டிலும் சின்ன ஆபீஸிலும் வைக்க வேண்டுமானால் பழுது பார்க்கும் தேவையே இருக்கக்கூடாது. அதற்கு ஒரே வழி, தேயும் பாகங்களை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, பவுடர் தீரும்போது பெட்டியோடு மாற்றிவிடுவது. ஆனால் தூக்கிப்போடும் அளவுக்கு மலிவாக டிரம்மைச் செய்வது எப்படி? அந்தக் குழுவின் தலைவர் ஹிரோஷி தனகா ஒரு நாள் பீர் வரவழைத்துக் குடித்துவிட்டு, கையிலிருந்த அலுமினிய டப்பாவைக் காட்டி, இதைச் செய்ய என்ன செலவாகும் என்று கேட்டாராம். நிர்வாகவியல் புத்தகங்களில் இடம்பிடித்துவிட்ட கதை இது. டிரம் மலிவானது, 1982-ல் பிசி-10, பிசி-20 என்ற சிறு நகல் இயந்திரங்கள் கார்ட்ரிட்ஜோடு வந்தன. 1984-ல் கேனன் எஞ்சினை உள்ளே வைத்து ஹெச்பி தன் முதல் லேசர்ஜெட்டை இறக்கியது. விலை 3,495 டாலர்.

இந்த ஏற்பாட்டால் மெக்கானிக் தொல்லை தீர்ந்தது. பவுடர் தீர்ந்த அன்றைக்கு, இன்னும் தேயாத டிரம்மும் காந்தமும் ரப்பர் ரோலரும் ஸ்பிரிங்கும் குப்பைக்குப் போகத் தொடங்கியதும் இதே ஏற்பாட்டால்தான். 80-களிலேயே அமெரிக்காவில் சிலர் விழித்துக்கொண்டார்கள். பெட்டியில் ஓட்டை போட்டு, பவுடரை ஊற்றி, ஓட்டையை டேப் ஒட்டி அடைத்து விற்றார்கள். நம் ஊரில் சால்டரிங் அயர்னால் பிளாஸ்டிக்கை உருக்கி ஓட்டை போடும் வித்தை அதன் தம்பிதான். இன்னும் சில இடங்களில் உயிரோடு இருக்கிறது.

ரீஃபில்காரர்களின் செல்லப்பிள்ளை

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் நுழைந்தால், பிரின்டர் உதிரிபாகங்களுக்கென்றே இருக்கும் கடைகளில் ஒரு எண் காதில் விழுந்துகொண்டே இருக்கும்: ‘12ஏ’. ஹெச்பி லேசர்ஜெட் 1010, 1018, 1020 வரிசைக்கான கார்ட்ரிட்ஜ். கேனன் எல்பிபி 2900 பிரின்டரின் ‘303’ கார்ட்ரிட்ஜும் ஏறத்தாழ இதுவே. கம்பெனி பெயர் வேறு, வயிறு ஒன்று. அதன் டிரம் தனியாகக் கிடைக்கும், பிளேடு தனியாகக் கிடைக்கும், பவுடர் பாட்டிலில் கிடைக்கும், பின்னும் ஸ்பிரிங்கும்கூடக் கிடைக்கும்.

12ஏ இத்தனை செல்லமாக இருப்பதற்குக் காரணம் அதில் சிப் கிடையாது. உள்ளே இருப்பது ஒரிஜினலா, ரீஃபிலா, எத்தனையாவது ரீஃபில் என்று பிரின்டருக்குத் தெரியவே தெரியாது. ஹெச்பி கணக்குப்படி ஒரு 12ஏ சுமார் 2,000 பக்கம் அடிக்கும். அந்தக் கணக்கு, பக்கத்தில் ஏறக்குறைய 5 சதவீத இடம் மட்டுமே கறுப்பாக இருக்கும் ஒரு சோதனைத் தாளை வைத்துப் போட்டது. பவுடரின் அளவு 100 கிராமை ஒட்டியது. அதாவது ஒரு பக்கத்துக்கு 0.05 கிராம்.

‘போன மாசம்தான் ரீஃபில் பண்ணோம், அதுக்குள்ள தீர்ந்துடுச்சா?’ என்று சண்டைக்குப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மேலே ஸ்கேனர் உள்ள இயந்திரத்தில் ஆதார் அட்டையை வைத்து, மூடியைத் திறந்தபடியே நகல் எடுத்தால், அட்டையைச் சுற்றித் தாள் முழுக்கக் கறுப்பாக வருமே, அந்த ஒரு தாள் தின்பது 15 சாதாரணப் பக்கங்களுக்கான பவுடர். மூடியை மூடினால் அந்தக் கறுப்பு வராது. நகல் எடுத்துப் பிழைக்கும் பல கடைகளிலேயே இதைச் செய்வதில்லை என்பதுதான் வேடிக்கை.

செய்தித்தாளின் மேல் நடப்பது

நல்ல கை உள்ளவர் கார்ட்ரிட்ஜைத் தொடுமுன் ஒரு பக்கம் அடித்துப் பார்ப்பார். பவுடர் மட்டும்தான் தீர்ந்ததா, வேறு கோளாறும் இருக்கிறதா என்று அந்தத் தாள் சொல்லிவிடும். பிறகுதான் கழற்றல்.

சுமார் ஒரு அடி நீளக் கறுப்புப் பெட்டி. முதலில் டிரம்மை மூடியிருக்கும் கதவும் அதன் ஸ்பிரிங்கும் வெளியே வரும். ஸ்பிரிங் எந்தப் பக்கம், எந்தக் கொக்கியில் இருந்தது என்று பார்த்துவைக்காவிட்டால் திரும்ப மாட்டும்போது தலைவலி. பெட்டியின் இரு ஓரங்களிலும் எளிதில் கண்ணில் படாத சிறு எஃகுப் பின்கள் உண்டு. அவற்றைத் தள்ளியோ நோஸ் பிளையரால் இழுத்தோ எடுத்தால் பெட்டி இரண்டாகப் பிரியும். ஒரு பாதியில் டிரம், பிசிஆர் என்று சொல்லப்படும் மின்னேற்றும் ரோலர், வேஸ்ட் அறை. மறு பாதியில் பவுடர் அறையும் மேக்னடிக் ரோலரும்.

டிரம்மைக் கையாளும் விதத்திலேயே ஆளின் தரம் தெரிந்துவிடும். பச்சையும் நீலமும் கலந்த பளபளப்பான உருளை அது. அலுமினியக் குழாயின்மேல் ஒளிக்கு மசியும் பூச்சு, மொத்தமே சில பத்து மைக்ரான் கனம். விரல் பட்டால் எண்ணெய்த் தடம், நகம் பட்டால் நிரந்தரக் கோடு, வெயிலில் வைத்தால் பூச்சின் குணமே போய்விடும். தெரிந்தவர் இரண்டு முனைகளையும் பிடித்துத் தூக்கி, உடனே கறுப்புத் துணியிலோ தாளிலோ சுற்றி ஓரமாக வைப்பார். தெரியாதவர் நடுவில் பிடித்து, சட்டை நுனியால் ஒரு துடை துடைத்து, ஜன்னலோரம் நிற்கவைப்பார்.

டிரம் போன பிறகு பிசிஆர். கறுப்பு ரப்பர் ரோலர். கிளிப்பிலிருந்து தூக்கினால் வந்துவிடும். டிரம்மின் மேற்பரப்பு முழுக்கச் சீராக ஏறக்குறைய மைனஸ் 600 வோல்ட் ஏற்றுவது இதன் வேலை. லேசர் பட்ட இடத்தில் அது மைனஸ் 100-ஐ ஒட்டிக் குறையும். அந்த வித்தியாசத்தில்தான் பவுடர் எங்கே ஒட்டுவது, எங்கே ஒட்டாமல் இருப்பது என்று முடிவாகிறது. பிசிஆர்மேல் பவுடர் படிந்திருந்தால் அந்த இடத்தில் மின்னேற்றம் குறையும்; வெள்ளைத் தாள் சாம்பல் பூசினாற்போல வரும். சுத்தமான, நார் உதிராத உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கண்ட ரசாயனத்தையும் போட்டுத் தேய்ப்பவர்கள் ரப்பரைக் கெடுக்கிறார்கள்.

அடுத்ததுதான் இந்த வேலையின் உயிர்: வேஸ்ட் அறை. டிரம்மில் ஒட்டிய பவுடர் முழுவதும் தாளுக்குப் போய்விடாது. மிச்சத்தை வைப்பர் பிளேடு என்ற ரப்பர் பட்டை சுரண்டி, பின்னாலுள்ள அறைக்குள் தள்ளுகிறது. அந்த அறை ஒரு தடவை பவுடர் தீரும்வரை வரும் கழிவை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. தூக்கிப்போடும் பெட்டிக்கு அதற்குமேல் எதற்கு இடம்? எனவே ரீஃபில் செய்யும் ஒவ்வொரு முறையும் அதைக் காலி செய்தே ஆகவேண்டும். இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி பிளேடை எடுத்தால் வேஸ்ட் அறை திறக்கும். தட்டிக் கொட்டினால் ஒரு கை நிறைய மங்கிய கறுப்புத் தூள் விழும். இதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், கை கறுக்கும், கொட்டும் இடம் தேட வேண்டும். அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இதைத்தான். விட்டுவிட்டுப் பவுடரை ஊற்றினால், பாதி தூரத்தில் வேஸ்ட் அறை நிரம்பி வழிந்து, டிரம்மிலும் தாளிலும் பிரின்டரின் வயிற்றிலும் கொட்டும். ‘ரீஃபில் போட்டு பிரின்டர் போச்சு’ என்ற புகாரில் பெரும்பங்கு இங்கே பிறக்கிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. கொட்டிய கழிவையே புதுப் பவுடரோடு கலந்து ஊற்றிவிடுவது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கழிவில் தாளிலிருந்து உதிர்ந்த நாரும் சுண்ணத் தூசியும் கலந்திருக்கின்றன. மின்னேற்றத்தைத் தாங்கும் குணமும் அதில் குறைந்துபோயிருக்கும். முதல் பத்துப் பக்கம் நன்றாகத்தான் வரும். கூலி வாங்க அது போதும்.

பிளேடின் ஓரத்தை நகத்தால் தடவாமல், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு சிறு பிசிர் இருந்தாலும் அந்த இடத்தில் பவுடர் சுரண்டப்படாமல் நழுவி, தாளின் மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாக விழும். பிளேடுக்கு எதிரே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு இருக்கிறது. சுரண்டிய கழிவு வெளியே சிந்தாமல் தடுப்பது அது. மடங்கினால் மாற்றத் தொல்லை என்பதால் அனுபவசாலிகள் அதன் பக்கம் துணியைக்கூடக் கொண்டுபோவதில்லை.

மறு பாதிக்கு வருவோம். மேக்னடிக் ரோலர் என்பது, சுழலும் உறைக்குள் அசையாத காந்தம். 12ஏ பவுடரில் இரும்பு ஆக்சைடு கலந்திருப்பதால் காந்தம் அதை இழுத்து உறைமேல் நிறுத்தும். டாக்டர் பிளேடு என்ற பட்டை அதைச் சீரான மெல்லிய படலமாக வழித்துவிடும். பவுடர் அறையின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் ஊற்றுவதற்கான வாய் இருக்கிறது. பாட்டிலை நன்றாகக் குலுக்கி, வாயைப் பொருத்தி, நிதானமாகத் தட்டித் தட்டி இறக்க வேண்டும். பழைய பவுடர் மிச்சம் இருந்தால் அதைக் கொட்டிவிட்டு ஊற்றுவதே முறை. இரண்டு ரகப் பவுடர் கலந்தால் மின்னேற்றம் சீராக நிற்காது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. துடைத்துப் பளபளவென்று இருக்கும் டிரம்மில் வைப்பர் பிளேடு வறண்டு உரசினால் பட்டை மடிந்து, திரும்பிக்கொள்ளும். கிறீச்சென்ற சத்தத்தோடு பிரின்டர் நிற்கும். அதனால் பிளேடின் ஓரத்திலும் டிரம்மிலும் லேசாகத் தூள் தடவிவிட்டு, பல்சக்கரத்தைக் கையால் நாலைந்து சுற்று சுற்றிப் பார்த்த பிறகே பின்னை அடிப்பார்கள். கடைசியாக, செப்புத் தகடுகளில் படிந்த தூளைத் துடைப்பது. மின்சாரம் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது.

தாளில் அளவுகோல் வைத்துப் பாருங்கள்

ரீஃபில் முடிந்து வந்த தாளில் கறை இருந்தால், எந்தப் பாகத்தின் குற்றம் என்று நாமே கண்டுபிடிக்கலாம். 12ஏ டிரம்மின் விட்டம் 24 மில்லிமீட்டர், சுற்றளவு சுமார் 75. ஒரே புள்ளி தாளில் 75 மில்லிமீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப விழுந்தால் டிரம்மில் காயம். அதைவிடக் குறைந்த இடைவெளியில் திரும்பினால் கார்ட்ரிட்ஜுக்குள்ளோ பிரின்டரிலோ உள்ள சிறிய ரோலர் ஒன்றைச் சந்தேகப்பட வேண்டும். மேலிருந்து கீழ்வரை விடாத கோடு என்றால் பிளேடோ, டிரம்மில் சுற்றிவரக் கீறலோ. கோடு கறுப்பில்லாமல் வெள்ளையாக இருந்தால் டாக்டர் பிளேடில் ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது லேசர் வரும் கண்ணாடியில் தூசி. தாள் முழுக்கச் சாம்பல் படர்ந்தால் பிசிஆர் அல்லது மோசமான பவுடர்.

எழுத்து அழகாக விழுந்து, விரலால் தேய்த்தால் மட்டும் அழிகிறதா? அங்கே கார்ட்ரிட்ஜைத் திட்டிப் பயனில்லை. சூடேற்றும் ஃப்யூசர் பழுதாகியிருக்கும், அல்லது வேறு மாடலுக்கான பவுடரை ஊற்றியிருப்பார்கள். 12ஏ பவுடர் வேறு, பிற்காலத்து 88ஏ பவுடர் வேறு. எந்தச் சூட்டில் இளக வேண்டும், துகள் எவ்வளவு நுண்மையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். ‘எல்லாத்துக்கும் ஒரே பவுடர்தான் சார்’ என்பவரிடம் கார்ட்ரிட்ஜைக் கொடுக்காதீர்கள். பத்திரம், சான்றிதழ் என வருடக்கணக்கில் பெட்டியில் இருக்கவேண்டிய தாள்களை அடிப்பவர்கள் இந்த விரல் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். மடித்து நீவிப் பார்த்தால் மடிப்பில் எழுத்து உதிர்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அந்தக் கறுப்புத் தூள்

மை என்று சொன்னாலும், டோனர் எனப்படும் இந்தப் பவுடர் அடிப்படையில் பிளாஸ்டிக். ஸ்டைரீன் வகைப் பிசினோ பாலியெஸ்டரோ பெரும்பகுதி. அதோடு கறுப்புக்கு கார்பன் பிளாக், ஒட்டாமல் பிரிய மெழுகு, கட்டி தட்டாமலிருக்க நுண்ணிய சிலிகா, மின்னேற்றத்தை நிலைநிறுத்தும் சேர்மம். 12ஏ போன்றவற்றில் இரும்பு ஆக்சைடும் கணிசமாக உண்டு. ஒரு காந்தத்தை அருகே கொண்டுபோனால் தூள் முள்முள்ளாக எழுந்து நிற்கும். பிரதர் பிரின்டர்களின் பவுடர் அப்படி நிற்காது, அங்கே காந்தத்துக்கு வேலையில்லை. அதை எடுத்து 12ஏ-யில் ஊற்றினால் மேக்னடிக் ரோலர் அதைத் தூக்காது.

துகள் ஒன்று 5 முதல் 10 மைக்ரான். தலைமுடியின் கனத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். இத்தனை நுண்மையான தூள் காற்றில் எழுந்தால் மூக்குக்குள் போகாமல் இருக்குமா? கார்பன் பிளாக்கை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. ஆபீஸில் பிரின்ட் எடுப்பவர்கள் இதற்காகப் பயந்து நடுங்க வேண்டியதில்லை. தினமும் பத்துப் பதினைந்து கார்ட்ரிட்ஜை வெறும் மூக்கோடு தட்டிக் கொட்டும் தொழிலாளிக்கு மாஸ்க் அவசியம். பலரும் போடுவதில்லை. வேலை முடிந்து தும்மினால் கறுப்பாக வருகிறது என்று சிரித்தபடியே சொல்கிறார்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். சிந்திய பவுடரை வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள்; சாதாரண ஃபில்டரைத் தாண்டி மோட்டார் வரை போகும், நுண்ணிய பிளாஸ்டிக் தூள் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கையிலோ துணியிலோ பட்டால் குளிர்ந்த நீரில் மட்டும் கழுவுங்கள்; வெந்நீர் பட்டால் பிளாஸ்டிக் இளகி ஒட்டிக்கொள்ளும். கொட்டிய கழிவைக் குப்பையோடு எரிக்காதீர்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்து, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

பெட்டி யாருடையது?

காசு கொடுத்து வாங்கிய கார்ட்ரிட்ஜில் நாம் பவுடர் ஊற்றக்கூடாது என்று கம்பெனி சொல்ல முடியுமா? இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. லெக்ஸ்மார்க் நிறுவனம், ஒரே முறைதான் பயன்படுத்த வேண்டும், காலிப் பெட்டியைத் தன்னிடமே திருப்பித்தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கார்ட்ரிட்ஜைத் தள்ளுபடி விலையில் விற்றது. மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் அந்தக் காலிப் பெட்டிகளை வாங்கி, நிரப்பி விற்றது. லெக்ஸ்மார்க் காப்புரிமை வழக்குப் போட்டது. 2017 மே 30 அன்று வந்த தீர்ப்பு: பொருளை விற்ற அந்தக் கணத்தோடு அதன்மேல் காப்புரிமை முடிந்தது; பிறகு எந்த நிபந்தனையும் காப்புரிமையின் பெயரால் செல்லாது. பழைய காரை வாங்கிப் பழுது பார்த்து விற்கும் பட்டறையை உதாரணம் காட்டித் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அதை விளக்கினார்.

ஜப்பானில் நேர் எதிர். 2007 நவம்பர் 8 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கேனனின் காலி இங்க் டப்பாவில் ஓட்டை போட்டுக் கழுவி, மை நிரப்பி விற்ற ரீசைக்கிள் அசிஸ்ட் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அது பழுதுபார்ப்பு இல்லை, புதிதாகத் தயாரிப்பதற்குச் சமம் என்பது வாதம். அமெரிக்கத் தீர்ப்பில்தான் எனக்கு நியாயம் தெரிகிறது. விற்ற பிறகும் பொருளின்மேல் கை வைத்திருப்பது விற்பனை ஆகாது, அது வாடகை.

நீதிமன்றத்தில் முடியாததைச் சிப் முடிக்கிறது. புதிய மாடல்களில் கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு உட்கார்ந்து, பக்கத்தை எண்ணுகிறது; தன் கம்பெனிச் சில்லு இல்லையென்றால் அடிக்க மறுக்கும்படி பிரின்டரின் மென்பொருளை இணையம் வழியே புதுப்பிக்கவும் செய்கிறார்கள். பிரதரின் பல மாடல்களில் சிப்புக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம். புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டதும் ஒரு சுற்று சுற்றி, பிரின்டரின் கணக்கைப் பூஜ்யமாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ரீஃபில்காரர் அதைப் பழைய நிலைக்குத் திருப்பிவைக்கிறார். சிப்புக்கு மாற்றுச் சிப் ஒட்டுகிறார். இந்த விளையாட்டுக்கு நடுவே ஹெச்பி நிறுவனமே 2019-ல் ‘நெவர்ஸ்டாப்’ என்ற லேசர் பிரின்டரைக் கொண்டுவந்தது. அதில் வாடிக்கையாளரே பவுடரை நிரப்பிக்கொள்ளலாம், கம்பெனி விற்கும் பவுடரை. நிரப்புவது தவறில்லை என்று கடைசியில் அவர்களும் ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரீஃபில் வேறு, போலி வேறு. காலியான ஒரிஜினல் பெட்டிகளை, குறிப்பாக அட்டை டப்பாவும் உள்கவரும் கிழியாமல் இருந்தால், நல்ல விலைக்குக் கேட்டு வருபவர்கள் உண்டு. மலிவுப் பவுடரை நிரப்பி, அதே டப்பாவில் சீல் போட்டு ஒரிஜினல் விலைக்கு விற்பதற்குத்தான் பெரும்பாலும் அது போகிறது. இது 1999-ம் ஆண்டு வர்த்தகக் குறியீடுகள் சட்டத்தின்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு. ரீஃபிலை ரீஃபில் என்று சொல்லிச் செய்து கொடுப்பவர் நாணயமான தொழிலாளி. இந்தப் போலிக்காரர்களால் கெடுவது அவருடைய பெயரும்தான்.

எத்தனை முறை ஒரே கார்ட்ரிட்ஜை ஓட்டலாம் என்று கேட்டால், நல்ல பவுடரும் ஒழுங்கான சுத்தமும் இருந்தால் ஒரு டிரம் மூன்று ரீஃபில் வரை தாங்கும் என்பது பொதுவான அனுபவம். பிறகு டிரம்மையும் வைப்பர் பிளேடையும் மாற்றினால் பெட்டி மறுபடி ஓடும். பெட்டியே விரிசல் விட்டு, பின் நிற்கும் துளை தளர்ந்துபோனால் விட்டுவிட வேண்டியதுதான். அப்படி விடும்போது தெருக்குப்பையில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளில் பிரின்டரோடு சேர்த்து கார்ட்ரிட்ஜும் பட்டியலில் இருக்கிறது. திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரித்த கம்பெனியுடையது. ஹெச்பி, கேனன் போன்றவை இதற்கென்று திட்டம் வைத்திருக்கின்றன; கேட்டு வாங்கிக்கொள்ளலாம். போலிக்காரர்கள் கைக்குப் போனாலும் பயன்படாதபடி, டப்பாவைக் கிழித்து, கார்ட்ரிட்ஜின் லேபிளைக் கத்தியால் கீறிவிட்டுக் கொடுங்கள்.

அடுத்த முறை ரீஃபில்காரர் செய்தித்தாளை விரிக்கும்போது எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “அண்ணே, வேஸ்ட்டைக் கொட்டிக் காட்டுங்க” என்று மட்டும் கேளுங்கள். கொட்டிக் காட்டினால் 50 ரூபாய் கூடக் கொடுத்தாலும் தகும். ‘அது தேவையில்ல சார்’ என்றால், கார்ட்ரிட்ஜைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு ஆளைப் பாருங்கள்.